காய்ச்சலின் கர்த்தாவைத் தேடியவர்

கடை நடத்தும் நம்மிடத்தில் அரிசிக்கும் சீனிக்கும் அடுத்தபடி அதிகமாகக் கேட்கப்படுவது காய்ச்சல் மாத்திரை என்றால் மிகையாகாது. மழைக்காலம் வந்துவிட்டால் போதும், "நானா, பனடோல் ஒரு பட்டை" என்று விடியற்காலையிலேயே ஆள் வந்து நிற்கும். நாம் எடுத்துக் கொடுக்கிறோம், அவர் கொண்டுபோய் விழுங்குகிறார், உஷ்ணம் இறங்குகிறது. இறங்கிய உஷ்ணம் முதலில் எதனால் ஏறியது என்று கொடுத்த நாமும் கேட்பதில்லை, விழுங்கியவரும் கேட்பதில்லை. இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருஷ காலம் ஆராய்ச்சி செய்த ஒரு டாக்டரைப் பற்றி இங்கே எழுத முற்படுகிறோம். நாம் வைத்தியம் படித்தவரல்லர். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் முடித்துக் கல்லாவுக்கு வந்தவர்கள். ஆகையால் நமக்கு விளங்கிய விதத்திலேயே, வியாபாரிக்கு விளங்கும் பாஷையிலேயே சொல்கிறோம்.

அவர் பெயர் சார்ல்ஸ் டினாரெல்லோ. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்து 1969-இல் பட்டம் பெற்றார்.

அவர் காலத்துக்கு முன்பே காய்ச்சலைக் குறித்து ஒரு முக்கியமான விஷயம் தெளிவாகியிருந்தது. ஜெர்மனியில் லைப்சிக் நகரில் வுண்டர்லிஷ் என்னும் டாக்டர் சுமார் இருபத்தையாயிரம் நோயாளிகளின் உஷ்ணத்தை அளந்து எழுதிவைத்து, 1868-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். மனிதனுடைய சாதாரண உஷ்ணம் 37 டிகிரி என்ற கணக்கு அவரிடமிருந்து வந்ததுதான். காய்ச்சல் ஒரு தனி நோயன்று, நோயின் அடையாளம் என்பதும் அவரால் நிலைபெற்றது. ஆனால் அந்த அடையாளத்தை உண்டாக்குவது யார்? வெளியிலிருந்து வரும் கிருமியின் விஷமே நேராக உஷ்ணத்தை ஏற்றுகிறது என்றுதான் வெகுகாலம் டாக்டர்களும் நினைத்திருந்தார்கள்.

1948-இல் பால் பீசன் என்னும் அமெரிக்க டாக்டர் அந்த எண்ணத்தை அசைத்தார். முயலின் வெள்ளை அணுக்களிலிருந்து ஒரு சத்தை எடுத்து வேறு முயலுக்கு ஊசி போட்டார். கிருமி எதுவும் செலுத்தாமலே அந்த முயலுக்குக் காய்ச்சல் கண்டது. அப்படியானால் காய்ச்சலை மூட்டுவது திருடனல்ல, வீட்டுக் காவற்காரன்! வெள்ளை அணுக்கள் நம்முடைய இரத்தத்தில் ஓடும் காவற்படை என்பது பலருக்கும் தெரிந்ததே. கிருமியைக் கண்டதும் அவை ஏதோ ஒரு சரக்கை இரத்தத்தில் விடுகின்றன; அது மூளைக்குப் போய் உஷ்ணத்தை ஏற்றச் சொல்லுகிறது. அந்தச் சரக்கு என்னவென்று மட்டும் எவருக்கும் தெரியவில்லை. யேலில் இதே விஷயத்தை ஆராய்ந்துகொண்டிருந்த எலைஷா அட்கின்ஸ் என்பவரிடத்தில்தான் மாணவராக இருந்த டினாரெல்லோ போய்ச் சேர்ந்தார். 1971-இல் பெதஸ்டாவிலுள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்துக்குச் சென்று, ஷெல்டன் வோல்ஃப் என்னும் டாக்டரின் கீழ் அந்தச் சரக்கைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கும் வேலையில் இறங்கினார்.

இந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில்தான் அவருடைய பெயரும் மானமும் சிக்கிக்கொண்டிருந்தன.

மனிதருடைய வெள்ளை அணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துத் தூண்டிவிட்டால் அவை காய்ச்சல் சத்தைக் கசியவிடும். அந்த நீரில் நூற்றுக்கணக்கான வேறு புரதங்களும் கலந்திருக்கும். அத்தனையையும் கழித்து, வேண்டியதை மட்டும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறை சலித்த பிறகும், நிற்கும் பங்கில் சத்து இருக்கிறதா என்று அறிய, அதை முயலுக்கு ஊசி போட்டு உஷ்ணம் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் வழி. இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. சிலவகைக் கிருமிகளின் மேலுறையில் ஒரு விஷம் இருக்கிறது. பாத்திரத்திலோ தண்ணீரிலோ ஊசியிலோ அது இம்மியளவு ஒட்டியிருந்தாலும் முயலுக்குக் காய்ச்சல் வந்துவிடும். "நீர் கண்டுபிடித்தது அணுவின் சத்தல்ல, பாத்திரத்தின் அழுக்கு" என்று எதிரி சொன்னால் பதில் என்ன?

பதில் இருந்தது. அணுவின் சத்து புரதம். சூடு பட்டால் கெட்டுவிடும். கிருமி விஷமோ கொதிக்கவைத்தாலும் கெடாது. ஆகவே சரக்கை இரு பங்காக்கி, ஒரு பங்கைச் சூடாக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். இன்னொன்று, அணுவின் சத்து ஊசி போட்டவுடன் மளமளவென்று காய்ச்சலை ஏற்றி ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குக் கொண்டுபோகும். கிருமி விஷம் சற்றுத் தாமதித்து ஏறும், இரண்டாந் தடவையும் ஏறும். மேலும், விஷத்தைத் தினந்தோறும் கொடுத்தால் முயலுக்கு அது பழகிப்போய்க் காய்ச்சல் குறையும். அணுவின் சத்துக்கு அப்படிப் பழக்கம் ஏற்படாது. தங்கத்தை உரைத்துப் பார்க்கும் ஆசாரி ஒரு கல்லோடு நிற்காமல் மூன்று கல்லில் உரைத்தால் எப்படியோ அப்படி.

ஆறு வருஷம் ஆயிற்று. 1977-இல் டினாரெல்லோவும் கூட்டாளிகளும் சுத்தம் செய்த சத்தைப் பற்றி எழுதி வெளியிட்டார்கள். அதன் வீரியம்தான் எல்லாரையும் திகைக்க வைத்தது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு நானோகிராம் என்று பெயர். முயலின் எடையில் கிலோ ஒன்றுக்குச் சில பத்து நானோகிராம் போதும், காய்ச்சல் கண்டுவிடும். நம் கடைச் சீனியில் ஒரே ஒரு பருக்கையை எடுத்துச் சில ஆயிரம் பங்கு போட்டால் ஒரு முயலுக்கு வேண்டிய அளவு வரும். இவ்வளவு சொற்பமான புரதம் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யுமா என்று படித்தவர்களே நம்ப மறுத்தார்கள். நம்பாததில் தப்பில்லை என்பது நம் அபிப்பிராயம். எடை பார்க்காமல் சரக்கை ஒப்புக்கொள்கிறவன் வியாபாரியும் அல்லன், விஞ்ஞானியும் அல்லன்.

சந்தேகம் வலுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இதே காலத்தில் வேறு வேறு ஊர்களில் வேறு வேறு விஞ்ஞானிகள் வெள்ளை அணுக்களிலிருந்து வேறு வேறு சத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்டது, எதிர்ப்புச் சக்தியின் அணுக்களைப் பெருகச் செய்வது. மற்றொருவர் கண்டது, கல்லீரலைத் தூண்டி இரத்தத்தில் புதுப் புரதங்களைச் சேர்ப்பது. வேறொருவர் கண்டது, மூட்டுகளிலுள்ள குருத்தெலும்பை அரிப்பது. அவரவரும் தத்தம் சரக்குக்குத் தனித்தனிப் பெயர் சூட்டினார்கள். நாம் மல்லி என்கிறோம், மலாய்க்காரர் கெத்தும்பார் என்கிறார், இங்கிலீஷ்காரர் கொரியாண்டர் என்கிறார்; மூட்டையை அவிழ்த்தால் மணம் ஒன்றுதான். அதுபோல இவையெல்லாம் ஒரே சத்தாக இருக்குமோ என்ற எண்ணம் எழுந்தது. 1979-இல் டினாரெல்லோவும் ரோசன்வாசர் முதலானோரும், சுத்தம் செய்த காய்ச்சல் சத்து எதிர்ப்புச் சக்தியின் அணுக்களையும் தூண்டுகிறது என்று காட்டினார்கள். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தில் எர்மாட்டிங்கன் என்ற ஊரில் கூடிய விஞ்ஞானிகள், பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க "இன்டர்லூக்கின்" என்ற பொதுப் பெயரை ஏற்றார்கள். வெள்ளை அணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்வது என்பது அதன் கருத்து. நம்முடைய சத்துக்கு இன்டர்லூக்கின்-1 என்று பெயராயிற்று.

பெயர் வைத்ததனால் வழக்குத் தீர்ந்துவிடவில்லை. ஒரே புரதம் காய்ச்சலையும் மூட்டும், மூட்டையும் அரிக்கும், எதிர்ப்புச் சக்தியையும் எழுப்பும் என்றால், "உம்முடைய சரக்கில் கலப்படம் இருக்கிறது, நாலைந்து சத்துகள் சேர்ந்து அப்படிச் செய்கின்றன" என்று சொல்வோர் இருக்கத்தான் செய்தார்கள். இதற்கு ஒரே மருந்து, வெள்ளை அணுக்களை விட்டுவிட்டு, அந்தப் புரதத்தைச் செய்யும் பரம்பரைக் குறிப்பையே கண்டெடுப்பது. 1984-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது டினாரெல்லோவின் குழு மனிதருடைய இன்டர்லூக்கின்-1 பீட்டாவின் குறிப்பை முழுமையாகப் படித்து வெளியிட்டது. அந்தக் குறிப்பை ஆய்வுக்கூடக் கிருமிகளுக்குள் செலுத்தினால் அவை அந்தப் புரதம் ஒன்றை மட்டும் செய்து கொடுக்கும். அப்படிச் செய்த சரக்கில் மனித அணுவின் வேறு சத்து கலந்திருக்க வழியே இல்லை. அதை ஊசி போட்டாலும் முயலுக்குக் காய்ச்சல் வந்தது. வழக்கு முடிந்தது. (ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு உருவம் உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 1986-இல், கட்டியைக் கரைப்பதாகப் பெயர்பெற்ற வேறொரு புரதமும் காய்ச்சலை மூட்டும் என்று டினாரெல்லோவின் குழுவே காட்டியது. ஆகக் காவற்காரன் ஒருவனல்ல.)

சரி, காய்ச்சல் எப்படி ஏறுகிறது? கடையிலுள்ள குளிர்பெட்டியின் திருகை நினைத்துக்கொள்ளுங்கள். திருகை எந்த எண்ணில் வைக்கிறோமோ அந்த எண்ணுக்கு வரும்வரை பெட்டி ஓடுகிறது. நம் மூளையின் அடிப்பாகத்திலும் அப்படி ஒரு திருகு உண்டு. சாதாரணமாக அது 37-இல் நிற்கிறது. இன்டர்லூக்கின்-1 இரத்தத்தில் வந்ததும் அவ்விடத்தில் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகி, திருகை 39-க்கோ 40-க்கோ தள்ளிவிடுகிறது. தேகம் இன்னும் 37-இல்தான் இருக்கிறது. ஆனால் மூளை 39 வேண்டும் என்கிறது. ஆகவே நமக்குக் குளிர்கிறது. தோலில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. பல் கிட்டி நடுங்குகிறோம். நடுக்கம் என்பது தசைகளை ஆட்டிச் சூடு உண்டாக்கும் தந்திரம். வெளியே கொளுத்தும் வெயிலில் கம்பளி கேட்கும் காரணம் இதுதான். பிறகு திருகு மறுபடி கீழே வரும்போது அதிகப்படிச் சூட்டை வெளியேற்ற வேர்க்கிறது. "வேர்த்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று நம் பாட்டிமார் சொன்னது அனுபவ ஞானம்.

ஆஸ்பிரின் அந்தப் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கிறது என்று 1971-இல் இங்கிலாந்தில் ஜான் வேன் காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதிலிருந்து கடைக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காய்ச்சல் மாத்திரை திருகைத்தான் இறக்குகிறது. காய்ச்சலுக்குக் காரணமான கிருமியைத் தொடுவதே இல்லை. மேலும் வெயிலில் வேலை செய்து உஷ்ணம் தலைக்கேறி விழுந்தவனுக்குத் திருகு ஏறவேயில்லை. வெளிச்சூட்டால் தேகம் கொதிக்கிறது. அவனுக்கு மாத்திரை உதவாது. நிழலில் கிடத்தித் தண்ணீரால் குளிரச் செய்து உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நம் நாடுகளில் டெங்கு இருப்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். டெங்கு என்று சந்தேகமிருந்தால் ஆஸ்பிரின் கூடாது. அது இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். ஆஸ்பிரின் கேட்டு வருகிறவரிடம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுத்தால் நஷ்டமொன்றுமில்லை.

காவற்காரனே காய்ச்சலை மூட்டுகிறான் என்றால் அதில் நன்மை இருக்க வேண்டுமல்லவா? இதற்கு விடை ஒரு பல்லி இனத்திடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் பாலைவனத்தில் ஒருவகை ஓணான் இருக்கிறது. அதன் தேகத்துக்குச் சொந்தச் சூடு கிடையாது. சூடு வேண்டுமென்றால் வெயிலுக்குப் போகும், வேண்டாமென்றால் நிழலுக்குப் போகும். க்ளூகர் என்பவரும் கூட்டாளிகளும் அதற்குக் கிருமியை ஊசி போட்டபோது, அது வழக்கத்தைவிடச் சூடான இடத்தை நாடிப் போய்த் தனக்குத் தானே காய்ச்சலை வரவழைத்துக்கொண்டது. சூடு கிடைக்காமல் வைக்கப்பட்ட ஓணான்கள் அதிகமாகச் செத்தன. சூட்டில் இருந்தவை அதிகமாகப் பிழைத்தன. இது 1975-இல் வெளிவந்தது. ஓணானுக்குச் சரியானது மனிதனுக்கும் அப்படியே சரி என்று நாம் சொல்ல மாட்டோம். இருதயம் பலவீனமானவருக்கு உஷ்ணமே ஒரு பாரம்; ஒரு டிகிரி ஏறினால் தேகத்தின் செலவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஆனால் சிறு காய்ச்சலைக் கண்டு அலறிப் புடைத்துக்கொண்டு மாத்திரை மேல் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை.

இனி அடுத்த பாகம். சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதற்குப் பழைய வைத்தியப் புத்தகங்களில் தாபிதம் என்று பெயர். இப்போது அழற்சி என்கிறார்கள். காயத்தைச் சுற்றி அது வருவது ஆற்றுவதற்காக. ஆனால் காவற்காரன் திருடனே இல்லாத வீட்டில் இரவெல்லாம் தடியைச் சுழற்றினால் உடைவது வீட்டுச் சாமான்தான். இன்டர்லூக்கின்-1 அளவுக்கு மீறினால் நடப்பது அதுவே.

டினாரெல்லோவுக்கு இந்த வகை நோய் ஆரம்பத்திலேயே அறிமுகம். யூதர், அர்மீனியர், துருக்கியர், அரபியர் முதலான மத்தியதரைக் கடல் பக்கத்து மக்களிடையே பரம்பரையாக ஒரு காய்ச்சல் வருகிறது. கிருமி கிடையாது, ஆனால் அவ்வப்போது காய்ச்சலும் வயிற்று வலியும் தாக்கி, இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும். 1974-இல் அவரும் வோல்ஃபும் கூட்டாளிகளும் கால்சிசின் என்னும் பழைய வாத மருந்தை இந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எது, வெறும் மாத்திரை எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அப்படிச் செய்தால்தான் நாணயமான கணக்கு வரும். கால்சிசின் தாக்குதலைத் தடுத்தது. இன்றுவரை அந்த நோய்க்கு முதல் மருந்து அதுவே. ஊர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: நம் கண்வலிக்கிழங்குச் செடியின் விதையிலும் இதே கால்சிசின் இருக்கிறது, தமிழ்நாட்டில் பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். கிழங்கு கொடிய விஷம் என்பதால் எவரும் வீட்டில் பரீட்சை பண்ண வேண்டாம்.

இன்டர்லூக்கின்-1-க்கு நம் தேகத்திலேயே ஒரு கடிவாளம் உண்டு என்பதை டென்வரில் வில்லியம் அரெண்டும் ஜெனீவாவில் ஜான்-மிஷல் டாயேயும் கண்டார்கள். பூட்டின் துவாரத்தில் போலிச் சாவியைச் செருகிவைத்தால் நிஜச் சாவி நுழையாது. கடிவாளப் புரதம் செய்வது அதுதான். அதை மருந்தாகச் செய்தபோது எல்லாரும் பெரிய ஆசை வைத்தது இரத்தத்தில் கிருமி பரவி உயிரை வாங்கும் கொடிய நோயின் மேல். முயல்களில் பலித்தது. மனிதரிடம் பலிக்கவில்லை; 1990-களில் நடந்த பெரிய சோதனைகளில் மருந்து வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் வித்தியாசம் நிரூபணமாகவில்லை. வேறு கம்பெனிகள் செய்த இதுபோன்ற மருந்துகளும் அதில் தோற்றன. அந்த இடத்தில் கடையைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. 2001-இல் அதே மருந்து, அனகின்ரா என்ற பெயரில், முடக்கு வாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆனால் அதன் மெய்யான பலம் தெரிந்தது குழந்தைகளிடம். பிறந்தது முதல் காய்ச்சலும் தடிப்பும் கண் சிவப்பும் கொண்டு, காது மந்தமாகி, மூளை உறை வீங்கி வளரும் அபூர்வ நோயொன்று உண்டு. இன்டர்லூக்கின்-1-ஐ ஓயாமல் சுரக்கச் செய்யும் பரம்பரைக் கோளாறே அதற்குப் பெரும்பாலும் காரணம். 2006-இல் வெளியான ஆராய்ச்சியில் அத்தகைய 18 பேருக்குத் தினமும் அனகின்ரா ஊசி போடப்பட்டது. மூன்று நாளுக்குள் தடிப்பும் கண் சிவப்பும் மறைந்தன. பிறந்ததிலிருந்து ஒரு நாளும் நோவில்லாமல் இருந்தறியாத பிள்ளைகள்! ஒரே புரதத்தை மட்டும் அடைத்தால் நோயே அடங்குகிறது என்றால், 1977-இல் நம்பாதவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டுமா? 1996 முதல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவந்த டினாரெல்லோவுக்கு 2009-இல் சுவீடனின் கிராஃபோர்ட் பரிசு கொடுக்கப்பட்டது. இன்டர்லூக்கின்-6-ஐ ஆராய்ந்த கிஷிமோட்டோ, ஹிரானோ என்னும் ஜப்பானியர் இருவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் வயதுக்காரருக்கு அதிகம் சம்பந்தமுள்ள விஷயம் மாரடைப்பு. இரத்தக் குழாயில் கொழுப்பு அடைப்பதால் மாரடைப்பு என்று கேட்டிருக்கிறோம். அந்த அடைப்பு வெடிப்பதில் அழற்சிக்கும் பங்குண்டா? 2017-இல் பாஸ்டனைச் சேர்ந்த பால் ரிட்கர் இதற்கு விடை கொண்டுவந்தார். ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேருக்கு, இன்டர்லூக்கின்-1 பீட்டாவைப் பிடித்துக்கொள்ளும் கனகினுமாப் என்ற ஊசியோ வெறும் ஊசியோ போடப்பட்டது. கொழுப்பைத் தொடாத அந்த ஊசி, நடுத்தர அளவில் போட்டவர்களிடம் மறுபடி வரும் மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவற்றைச் சேர்த்து 15 சதவிகிதம் குறைத்தது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். கிருமித் தொற்றால் இறந்தோர் ஊசி போட்டவர்களில் அதிகம். மொத்த மரணத்தில் வித்தியாசமில்லை. காவற்காரனைக் கட்டிப்போட்டால் திருடனுக்குத் துணிவு வருமல்லவா! விலையோ நம் போன்றோர் எட்டிப்பார்க்க முடியாதது. இருதயத்துக்காக அதற்கு அமெரிக்கா அனுமதி தரவில்லை. கொரோனா காலத்தில், 2021-இல், கிரீஸிலும் இத்தாலியிலும் நடந்த சோதனையில் அனகினரா சில கடும் நோயாளிகளுக்குப் பயன்பட்டது. ஐரோப்பா அதை ஒப்புக்கொண்டது.

விலை மலிந்த சரக்கு ஒன்று மூலையில் கிடந்ததை அப்புறம்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இன்டர்லூக்கின்-1 வெளிப்படும் பாதையில் கால்சிசினும் குறுக்கே நிற்கிறது. மாத்திரையோ சில காசு. 2020-இல் வெளியான சோதனையில், நாட்பட்ட இருதய நோயுள்ள 5,522 பேரில் தினம் அரை மில்லிகிராம் கால்சிசின் எடுத்தவர்களுக்கு இருதய ஆபத்துகள் 31 சதவிகிதம் குறைந்தன. 2023-இல் அமெரிக்க அரசாங்கம் அதை இருதயத்துக்கு அனுமதித்தது. 2024-இல், புதிதாக மாரடைப்பு வந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரிடம் நடந்த மற்றொரு சோதனையில் பயனொன்றும் தெரியவில்லை. எந்த நோயாளிக்கு, எந்த நேரத்தில் என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கும் சில மருந்துகளோடு சேர்ந்தாலும் அது ஆபத்து என்பதால், டாக்டர் எழுதிக் கொடுத்தாலன்றி அதை எடுக்கலாகாது.